எல்லாவாசல்காரரும் நொச்சிப்பேரிப் பிசகும்

எல்லாவாசல்காரர் ஐப்பசி முடிவதற்குள் வந்துவிடுவார் என்று வங்கியிலிருந்து நோட்டீஸ் வந்த அன்று நொச்சிப்பேரி ஊர் கூடி முதலில் பேசியது அவருக்கு எத்தனை இலை போடுவது என்பதைத்தான். ஏனென்றால் வரப்போகிறவர் ஒரே நேரத்தில் ஊரின் நானூற்றுப் பன்னிரண்டு வாசல்களிலும் நிற்கக்கூடியவர், நிற்கிற ஒவ்வொரு வாசலிலும் உலகத்திலுள்ள அத்தனை சாவிகளையும் ஒரே திருகாகத் திருகிப் பார்க்கக்கூடியவர், செல்போனோ வங்கிக் கணக்கோ பித்தளைப் பூட்டோ அவருக்கு எல்லாம் ஒன்றுதான், யாராவது கண் இமைக்காமல் உற்றுப் பார்த்தால் மட்டும் மற்ற வாசல்களிலிருந்தெல்லாம் கரைந்துபோய், பார்த்தவர் எதிரே ஒற்றை ஆளாகக் கூச்சத்தோடு நிற்பார், கண்ணை எடுத்தால் மறுபடியும் எங்கும் நிற்பார் என்று நோட்டீஸில் தெளிவாக அச்சடித்திருந்தது. நம்பாமல் இருக்க ஒன்றுமில்லை, அச்சில் வந்த விஷயம்.

"நானூத்திப் பன்னெண்டு இலையா, ஒரு இலையா? அதச் சொல்லிட்டு மத்தத சொல்லுங்க" என்றார் எண்ணெய் மில் வைத்திருக்கும் பரமார்த்தலிங்கம்.

"ஒரு ஆள் சாப்பாடுதான் சார். சூடா இருக்கக் கூடாது, அவ்வளவுதான். அவருக்குச் சூடே ஆகாது" என்றார் வங்கி மேலாளர். அவர் வெளியூரிலிருந்து மாற்றலாகி வந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்த, பொறுமை இன்னும் மிச்சமிருந்த பெண்மணி. "இலையை விடுங்க. எல்லாரும் பூட்டை மாத்தணும். அதுக்குத்தான் கூப்பிட்டேன்."

பூட்டு என்றதும் கூட்டம் மொத்தமும் திரும்பி, பின்வரிசையில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்த செண்பகவடிவைப் பார்த்தது.

செண்பகவடிவு பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இ-சேவை மையம் நடத்துகிறவள். வயது நாற்பத்திரண்டு, கணவன் போய் ஒன்பது வருடம், குரல் மட்டும் ஊருக்கே கேட்கும். சாதிச் சான்றிதழ், பட்டா நகல், ஓய்வூதியம், பிள்ளைகளின் கல்லூரி விண்ணப்பம் என்று அந்த ஊரின் காகித வாழ்க்கை முழுவதும் அவளுடைய இரண்டு கணினிகள் வழியாகத்தான் போய் வந்தது. ஊரில் பாஸ்வேர்ட் என்று ஒன்று வைத்திருந்த அத்தனை பேருக்கும் அதை வைத்துக் கொடுத்தவள் அவள்தான். மறந்து மறந்து வந்து நிற்கிறார்களே என்ற எரிச்சலில் அத்தனை பேருக்கும் முப்பிடாதி123 என்று ஒரே பாஸ்வேர்டாக வைத்துவிட்டிருந்தாள். அம்மன் பெயர், யாரும் மறக்க மாட்டார்கள், அம்மனும் பார்த்துக்கொள்வாள் என்பது அவள் ஏற்பாடு.

"அந்த அம்மன் இவரைத் தடுக்க மாட்டாங்க மேடம்" என்றார் மேலாளர். "இதுக்குன்னு புதுப் பூட்டு வந்திருக்கு. அதோட சூட்சுமம் என்னன்னா, கணக்குக்குள்ள வேணும்னே ஒரு சின்னப் பிழையைக் கலந்து வெச்சிடறது. எவ்வளவு பிழைன்னு தெரிஞ்சவங்களுக்குத் திறக்கும். தெரியாதவர் எல்லாச் சாவியையும் ஒண்ணாத் திருகினாலும் கிட்ட கிட்ட வருமே தவிர, எது சரின்னு பிடிபடாது. உங்களுக்குப் புரியற மாதிரி எப்படிச் சொல்றதுன்னுதான் தெரியல."

முதலில் பரமார்த்தலிங்கம் சிரிக்க ஆரம்பித்தார், அவரைப் பார்த்துப் பூக்காரி சிரித்தாள், கடைசியில் ஊரே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது, மேலாளர் மட்டும் சிரிக்கவில்லை. அவருக்கு நொச்சிப்பேரிப் பிசகைப் பற்றி அதுவரை யாரும் சொல்லியிருக்கவில்லை.

நொச்சிப்பேரிக்காரர்கள் எந்த எண்ணையும் எந்த வழியையும் நேராகச் சொல்ல மாட்டார்கள். பொய் சொல்வார்கள் என்று அர்த்தமில்லை, அப்படிச் சொன்னால் சண்டைக்கு வருவார்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பிசகு உண்டு. செண்பகவடிவு வீட்டார் எதையும் இரண்டு குறைத்துச் சொல்வார்கள். பரமார்த்தலிங்கம் வீட்டார் ஒன்று கூட்டிச் சொல்வார்கள். பூசாரி வீட்டார் எண்ணைச் சரியாகச் சொல்லி இடதை வலது என்பார்கள். கேட்கிறவர் சொல்கிறவர் எந்த வீடு என்று பார்த்து, மனசுக்குள் கூட்டியோ கழித்தோ திருப்பியோ சரியான இடத்துக்குப் போய்ச் சேர்ந்துவிடுவார். பிள்ளைகள் எண்ணப் படிக்கும்போதே இதையும் படித்துவிடும். வெளியூர்க்காரர்கள்தான் வழி கேட்டுக் கேட்டுச் சுற்றி, கடைசியில் பஸ் ஸ்டாண்ட் டீக்கடைக்கே வந்து சேர்வார்கள். மேலாளரும் மூன்று மாதமாக வீட்டுக்கு வழி கேட்டு அந்த டீக்கடையில்தான் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தார். இந்தப் பழக்கம் எதற்காக வந்தது என்று கேட்டால் அதற்கும் ஒரு காரணம் சொல்வார்கள், அதையும் கொஞ்சம் பிசகித்தான் சொல்வார்கள்.

ஆகவே புதுப் பூட்டு போடும் வேலை நொச்சிப்பேரியில் திருவிழாப் போல நடந்தது. மற்ற ஊர்களில் தலையைப் பிய்த்துக்கொண்டார்கள் என்று கேள்வி. இங்கே செண்பகவடிவு ஆளுக்கு ஐந்து நிமிடம் என்று டோக்கன் கொடுத்து, "ஒங்க வீட்டுப் பிசகு என்ன? எனக்குச் சொல்லாண்டாம், எனக்குத் தெரியும், இதுல போடுங்க" என்று வரிசையாக ஒவ்வொருவரின் போனையும் கணக்கையும் புதுப் பூட்டுக்கு மாற்றிக்கொடுத்தாள். வரிசை பஸ் ஸ்டாண்டைச் சுற்றி நின்றது. சுண்டல்காரர் வந்தார், பஞ்சுமிட்டாய்க்காரர் வந்தார், பேச்சுவார்த்தை இல்லாமலிருந்த இரண்டு சம்பந்திகள் வரிசையில் அடுத்தடுத்து நிற்க நேர்ந்து சமாதானமானார்கள்.

ஆனால் அந்த முதல் கூட்டத்திலேயே, சிரிப்பு அடங்கிய பிறகு, பூக்காரி ஒரு கேள்வி கேட்டிருந்தாள். "முன்னாடியே வித்த போனு? நம்ம கொடம் அய்யாக்குட்டி வாங்கிட்டுப் போனாரே, அதெல்லாம்?"

அய்யாக்குட்டி வண்டியில் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு, பழைய செல்போன் உடைந்த செல்போன் எதைக் கொடுத்தாலும் பிளாஸ்டிக் குடம், டப், வாளி தருகிறேன் என்று ஏழெட்டு வருடமாக ஊர் ஊராக வருகிறவர். மற்ற வியாபாரிகள் பூட்டைத் திறந்து கொடுக்கச் சொல்வார்கள். அய்யாக்குட்டி மட்டும் "பூட்டோடவே குடுங்க தாயி, எனக்கு அவசரமில்ல" என்பார். அவருக்குக் கொஞ்சம் கழன்றுவிட்டது என்று ஊர் அவருக்காக அனுதாபப்பட்டு, இருந்த பழைய போனையெல்லாம் கொடுத்து, குளியலறை கொள்ளாத அளவுக்கு டப் வாங்கி வைத்திருந்தது. அந்தப் போன்களை அவர் உடைக்கவுமில்லை, விற்கவுமில்லை. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஐஸ் பேக்டரியில் ஒரு அறையை வாடகைக்கு எடுத்து எண்ணூறு போன்களைச் சாக்குச் சாக்காக அடுக்கிக் காத்திருந்தார். எதற்குக் காத்திருந்தார் என்று இப்போது எல்லாருக்கும் புரிந்தது.

மேலாளரின் முகம் தொங்கிப்போனது. "ஏற்கெனவே எடுத்துட்டுப் போனதுக்குப் பழைய பூட்டுதான். புதுப் பூட்டு அதை ஒண்ணும் பண்ண முடியாது."

ஊர் ஒரு நாள் கவலைப்பட்டது. பிறகு தன் பழைய போனில் என்னதான் இருந்தது என்று அவரவர் யோசித்துப் பார்த்து, பேரன் மொட்டையடித்த படமும் காலை வணக்கம் ரோஜாப்பூவும்தான் என்று தேறியது. செண்பகவடிவு மட்டும் தேறவில்லை. அவளும் நான்கு வருடத்துக்கு முன்னால் ஒரு போனைக் கொடுத்து நீலக் கலரில் டப் வாங்கியிருந்தாள். அந்தப் போனில் ஆவுடைச்செல்வி இருக்கும் இடம் இருந்தது.

ஆவுடைச்செல்வி அதே ஊர்ப் பெண், தாய் தகப்பன் இல்லாமல் சித்தப்பா வீட்டில் வளர்ந்தவள். வடக்கே பெரிய இடம் என்று ரத்தினவேல் என்பவனுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். இடம் பெரியதுதான், கையும் நீளம். இரண்டு வருடம் அடி வாங்கினாள். ஒரு நாள் வீங்கிய கன்னத்தோடு, வயிற்றில் நான்கு மாதத்தோடு, ஆதார் திருத்தம் என்று சொல்லி இ-சேவை மையத்துக்கு வந்து உட்கார்ந்தவள் பிறகு சித்தப்பா வீட்டுக்கும் போகவில்லை, புருஷன் வீட்டுக்கும் போகவில்லை. செண்பகவடிவு தன் கல்லூரித் தோழி ஒருத்தி இருக்கும் ஊருக்கு அவளைப் பஸ் ஏற்றிவிட்டாள். அது எந்த ஊர் என்று கேட்கக் கூடாது. பஸ் கிளம்பிய பிறகு, தோழி வீட்டுக்கு வழியைப் போனில் எழுதி அனுப்பினாள். பெண் அழுது கலங்கிப்போயிருக்கிறாளே, கூட்டிக் கழிக்கத் தெம்பு இருக்குமோ இருக்காதோ என்று, பிறந்ததிலிருந்து முதல்முறையாகப் பிசகே இல்லாமல் நேராக எழுதினாள், ஊர்ப் பெயரும் சேர்த்து. மூன்றாவது தெரு, ஏழாவது வீடு, வேலம்மாள் டீச்சர்.

தோழியிடம், "அவ வந்தாலும் வராட்டாலும் எனக்குப் போன் பண்ணாத, நானும் பண்ண மாட்டேன்" என்று சொல்லி அந்த எண்ணையும் அழித்தாள். ஆவுடைச்செல்வி மட்டும் வெள்ளிக்கிழமைதோறும், ஒவ்வொரு வாரமும் வேறு வேறு கடையிலிருந்து, மையத்தின் எண்ணுக்குப் பேசுவாள். "ஆதார் திருத்தம் ஆயிட்டா மேடம்?" என்பாள். "ஆயிட்டும்மா" என்பாள் செண்பகவடிவு. நலமா என்பதற்கும் நலம் என்பதற்கும் அவர்கள் வைத்துக்கொண்ட சொற்கள் அவ்வளவுதான். நான்கு வருடத்தில் இடத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

நோட்டீஸ் வந்த வாரத்து வெள்ளிக்கிழமை செண்பகவடிவு வேறு பதில் சொன்னாள்.

"திருத்தம் செல்லாது போலிருக்கும்மா. முகவரிய மாத்திரணும். ஒடனே மாத்தணும்."

மறுமுனையில் அந்த வாரத்துத் தையல் கடையின் மிஷின் சத்தம் நின்றது. "மாத்த மாட்டேன் மேடம்" என்றாள் ஆவுடைச்செல்வி. "இந்த முகவரிலதான் எம்பிள்ள பேசப் படிச்சா. எனக்குன்னு நாலு பேரு தைக்கத் துணி கொண்டாந்து குடுக்காங்க. இன்னொருக்கா பெட்டியத் தூக்கிட்டு ஓட என்னால ஆகாது. வர்றது வரட்டும்."

நேராக எழுதிய அந்தக் கையை ஒடித்துப் போடலாமா என்று இருந்தது செண்பகவடிவுக்கு.

எல்லாவாசல்காரர் ஐப்பசி இருபத்தாறாம் தேதி காலை ஒன்பது மணிக்கு வந்தார். ஒல்லியான ஆள், வெள்ளை அரைக்கைச் சட்டை, கையில் ஐஸ் நிரப்பிய தூக்குவாளி, பெண் பார்க்க வந்த வீட்டில் உட்கார்ந்திருப்பவரைப் போல ஒரு சங்கோசம். நானூற்றுப் பன்னிரண்டு வாசல்களிலும் ஒரே நேரத்தில் நின்று, ஒரே நேரத்தில் தொண்டையைச் செருமி, ஒரே நேரத்தில் பூட்டைத் திருகினார். ஒன்றும் திறக்கவில்லை. ஒவ்வொரு பூட்டும் இதோ திறந்தேன் என்பதுபோல வந்து, ஒரு நூலிழை தள்ளிப்போய் நின்றது. அவர் ஆச்சரியப்பட்டுச் சிரித்தார், நானூற்றுப் பன்னிரண்டு சிரிப்பு. வீட்டுக்காரர்களும் ஜன்னல் வழியே சிரித்து, ஆளுக்கு ஒரு டம்ளர் குளிர்ந்த மோர் நீட்டினார்கள். அத்தனையையும் குடித்துவிட்டு ஒரு மோர் குடித்த வயிறாகத்தான் இருந்தார்.

வந்த மூன்றாம் நாளே அவரை ஊர் தன் ஆளாக எடுத்துக்கொண்டுவிட்டது. பெரிய பெட்டிச் சாவியைத் தொலைத்துவிட்டு எட்டு வருடமாகப் பட்டுப்புடவைக்கு ஏங்கிக்கொண்டிருந்த வீடுகளுக்குப் பெட்டியைத் திறந்து கொடுத்தார். பரமார்த்தலிங்கத்தின் மகள் கல்யாணத்தில் ஆறு பந்திக்கும் ஒரே நேரத்தில் நின்று பரிமாறினார். அவரை உற்றுப் பார்த்துவிட்டால் ஒரு இலைக்கு மட்டும் ஆள் மிஞ்சும் என்பதால் ஊரே தலையைக் குனிந்துகொண்டு மணமகளைவிட வெட்கத்தோடு சாப்பிட்டது, சாம்பார் வேண்டும் என்பவர்கள் கண்ணை மூடிக்கொண்டு கையை மட்டும் நீட்டினார்கள். நியாயவிலைக் கடை, மின்சார அலுவலகம், பால் சொசைட்டி என்று எல்லா வரிசையிலும் இடம் போட்டு வைத்தார். யாருக்கு வேண்டுமானாலும் திறப்பார், எதற்காக என்று கேட்க மாட்டார். திறந்ததைப் படித்தும் பார்க்க மாட்டார். அது ஒன்றுதான் அவரிடம் குறை, அதைக் குறை என்று சொல்லவும் ஊருக்கு மனசு வரவில்லை.

ஐப்பசி முடிகிற புதன்கிழமை அய்யாக்குட்டி அவரைக் கூப்பிட்டிருந்தார். அன்று காலையிலேயே ஒரு வெள்ளைக் கார் வந்து ஐஸ் பேக்டரி வாசலில் நின்றது. அதிலிருந்து இறங்கியவனை மையத்து வாசலிலிருந்தே செண்பகவடிவு அடையாளம் கண்டுகொண்டாள். ரத்தினவேல். நான்கு வருடமாகத் தேடிக்கொண்டிருந்தவனுக்கு, நொச்சிப்பேரிப் போன்கள் அத்தனையும் ஒரு நாளில் திறக்கப்போகின்றன என்ற செய்தி போய்ச் சேராமல் இருக்குமா?

அவள் மையத்தைப் பூட்டாமலே ஓடினாள். ஐஸ் பேக்டரிக்குள் எல்லாவாசல்காரர் ஐஸ் கட்டி மேல் ஒரு சாக்கை விரித்து உட்கார்ந்து பன்னீர் சோடா குடித்துக்கொண்டிருந்தார்.

"அய்யா, அந்தச் சாக்குல என் போன் ஒண்ணு கெடக்கு. அத மட்டும் தொறக்காம விட்டுருங்களேன்."

"எது உங்க போன்னு எனக்குத் தெரியாதேம்மா" என்றார் அவர் உண்மையான வருத்தத்தோடு. "நான் ஒவ்வொண்ணாத் திறக்கிற ஆள் இல்ல. எண்ணூறுக்கு முன்னாலயும் ஒண்ணா நிப்பேன், ஒண்ணாத் திறந்துடும். எனக்குத் தெரிஞ்ச வேலை அது ஒண்ணுதான்."

செண்பகவடிவு யோசிக்கவில்லை. ஒரு ஸ்டூலை இழுத்து அவருக்கு எதிரே போட்டு உட்கார்ந்து அவரை உற்றுப் பார்க்க ஆரம்பித்தாள். அவர் உடனே ஒற்றை ஆளாகிப்போனார். பால் சொசைட்டி வரிசையில் ஒரு இடம் காலியானது, மின்சார அலுவலகத்தில் ஒரு இடம் காலியானது, எண்ணூறு போன்களுக்கு முன்னால் யாருமே நிற்கவில்லை. காலை பத்து மணிக்கு உட்கார்ந்தவள் பதினொன்றுக்கும் பார்த்தாள், பன்னிரண்டுக்கும் பார்த்தாள். கண்ணில் நீர் வழிந்தது, துடைக்கவில்லை. ஒரு கண்ணை மூடினால் மறு கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டாள். எதற்காக என்று யாரிடமும் சொல்லவும் முடியாது. சொன்னால் ஊரே முறை வைத்துக்கொண்டு அவரைப் பார்த்துக்கொண்டிருக்கும், ஆனால் சொன்ன மாத்திரத்தில் ஆவுடைச்செல்வியின் ரகசியம் ஊர்ச் சொத்தாகிவிடும், வாசலில் வேறு ரத்தினவேல் நிற்கிறான்.

சொல்லாவிட்டால் ஊர் சும்மா இருக்குமா? மதியத்துக்குள் கதை கட்டிவிட்டது.

"செண்பகத்துக்கு அவரு மேல ஒரு இதுவாம்" என்றாள் பூக்காரி. "ரெண்டு மணி நேரமாக் கண்ண எடுக்கல."

"இருந்துட்டுப் போட்டுமே. தனியாத்தான இருக்கா" என்றார் பரமார்த்தலிங்கம். "ஆளும் தங்கமான ஆளு. என்ன, சூடாக் காப்பி குடுக்க முடியாது."

ரத்தினவேல் கடிகாரத்தைப் பார்த்தான், அய்யாக்குட்டியைத் திட்டினான். அய்யாக்குட்டி கையைப் பிசைந்தார். பெண்கள் வந்து செண்பகவடிவுக்குத் தயிர்சோறு ஊட்டிவிட்டு, காதில் கல்யாணத் தேதி கேட்டுவிட்டுப் போனார்கள். எல்லாவாசல்காரர் மட்டும் ஒன்றும் கேட்கவில்லை. தன்னை இவ்வளவு நேரம் யாரும் பார்த்ததே இல்லை என்றும், ஒரே இடத்தில் இருப்பது இவ்வளவு இதமாக இருக்கும் என்று தெரியாது என்றும் மெதுவாகச் சொன்னார். மூன்றரை மணிக்கு ஐஸ் அறையின் குளிர் அவள் மூக்கில் ஏறியது. மூச்சைப் பிடித்தாள், மூக்கைப் பிடித்தாள், முப்பிடாதி அம்மனைக் கூப்பிட்டாள். தும்மல் வந்தேவிட்டது. தும்மும்போது கண்ணைத் திறந்து வைத்திருக்க மனிதப் பிறவியால் ஆகாது, அந்த ஒரு தும்மலுக்குள் எண்ணூறு போன்களும் திறந்துகொண்டன.

ரத்தினவேல் தேடியது கால் மணி நேரத்தில் கிடைத்தது. "பிசகில்லாம எழுதுதேன், மூணாவது தெரு, ஏழாவது வீடு, வேலம்மாள் டீச்சர்." சத்தமாகவே படித்துவிட்டுக் காரில் ஏறினான். செண்பகவடிவு பின்னாலேயே பஸ் ஸ்டாண்ட் வரை ஓடி, கார் திரும்பிய இடத்தில் நடுத்தெருவில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். எச்சரிக்க அவளிடம் எண் கிடையாது. தோழி ஊர்ப் பக்கம் கிழக்கே போகும் பஸ் காலையில்தான்.

மறுநாள் விடிந்து, அவள் பையை எடுத்துக்கொண்டு வீட்டைப் பூட்டும்போது போன் அடித்தது. தெரியாத எண்.

"செண்பகம், வேலம்மா பேசறேன்" என்றது இருபது வருடம் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சராக விசில் ஊதிய குரல். "போன் பண்ணாதேன்னு சொன்னே, நாலு வருஷம் பண்ணல. ஆனா இப்பப் பண்ணாம இருக்க முடியாது. நேத்து ஒருத்தன் கார்ல வந்து நின்னு, எம் பொண்டாட்டியைக் காட்டுன்னு கதவை உதைக்கிறான். எனக்கு வந்துது பாரு கோபம்! விசிலை எடுத்து ஊதினேன், தெருவே வந்துடுச்சு. உள்ள கூட்டிட்டுப் போய் ஒவ்வொரு அறையாக் காட்டினேன். நீ சொன்னியேன்னு நாலு வருஷமாக் கூட்டிப் பெருக்கி, பாயும் தலகாணியும் போட்டு வெச்சிருக்கேனே அந்த அறையையும் காட்டினேன். இந்தப் பாய்ல ஒரு நாள், ஒரே ஒரு நாள் யாராவது படுத்திருந்தாச் சொல்லுடான்னேன். என் கண்ணைப் பார்த்தே நம்பிட்டான். பழைய போன்ல இருந்ததெல்லாம் பொய்யின்னு கத்திட்டு, அதைச் சாக்கடைல வீசிட்டு, வடக்க பார்த்துப் போயிட்டான்."

செண்பகவடிவு பையைத் தரையில் வைத்தாள். "வேலம்மா, அப்ப அவ ஒன் வீட்டுக்கு வரலியா?"

"அதைத்தானே நான் உன்னைக் கேக்கறேன்? எங்கே உன் பொண்ணு?"

வெள்ளிக்கிழமைக்கு ஒரு நாள் இருந்தது. அந்த ஒரு நாளை அவள் எப்படிக் கழித்தாள் என்பதைச் சொல்லி முடியாது. நான்கு வருடமாக வாரா வாரம் நலம் என்று சொல்லிக்கொண்டிருந்த பெண் எங்கே இருந்து சொல்லிக்கொண்டிருந்தாள்? எந்தப் பாயில் படுத்தாள், யார் வீட்டில் பிள்ளை பெற்றாள்? சாதிச் சான்றிதழ் கேட்டு வந்தவருக்கு இருப்பிடச் சான்றிதழ் எடுத்துக் கொடுத்தாள். ஊர் அதைக் காதல் என்று எடுத்துக்கொண்டு பொறுத்துப்போனது.

வெள்ளிக்கிழமை பதினொன்றே காலுக்கு மணி அடித்தது.

"ஆதார் திருத்தம்..."

"ஏட்டி ஆவுடை! எங்கட்டி இருக்க நீ?"

நான்கு வருடத்தில் முதல்முறையாகப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதும் மறுமுனை திகைத்தது. "ஏங்க்கா? நீங்க சொன்ன வீட்லதான். ஒங்க சிநேகிதி வீட்ல."

"மூணாந் தெரு ஏழாம் வீடுதான?"

"ஆமா, மூணுன்னும் ஏழுன்னும் எழுதியிருந்திய. ஒங்க வீட்டுப் பிசகு ரெண்டுல்லா. கூட்டிக்கிட்டேன். அஞ்சாந் தெரு, ஒம்பதாம் வீடு."

"பிசகில்லாமன்னு எழுதியிருந்தேனேட்டி!"

"எழுதியிருந்திய. நம்மூர்ல யாருக்கா பிசகோட சொல்லுதேன்னு சொல்லிட்டுச் சொன்னது?"

வரிசையில் நின்றவர்கள் செண்பகவடிவு மேஜையைப் பிடித்துக்கொண்டு சிரிப்பதைப் பார்த்தார்கள். அந்தச் சிரிப்பு நடுவிலேயே அறுந்தது.

"அப்ப அந்த வீட்ல இருக்கது யாரு?"

"யாருன்னா?" ஆவுடைச்செல்வியின் குரல் இறங்கியது. "அன்னைக்கு விடியக்காலம் கதவத் தட்டினேன்க்கா. ஒரு அம்மா வந்து தொறந்தாவ. வேலம்மா டீச்சர் வீடான்னு கேட்டேன். பதிலே சொல்லல. என் கன்னத்தப் பாத்தாவ, வயித்தப் பாத்தாவ, எனக்குப் பின்னால தெருவுல யாராச்சும் வாராவளான்னு ரெண்டு பக்கமும் பாத்தாவ. பொறவு, 'ஆமா, நாந்தான் வேலம்மா, உள்ள வா'ன்னாவ."

செண்பகவடிவு போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"போஸ்ட்ல வேற பேரு வரும்க்கா. நான் கேக்கல. நம்மூர்க்காரிக்கு அது ஒரு விசயமா, இந்த ஊர்ல பேர்லயும் பிசகு வெப்பாவ போலன்னு நெனச்சிக்கிட்டேன். நாலு வருசமா வேலம்மான்னுதான் கூப்பிடுதேன். ஒரு நாளும் நான் அவ இல்லன்னு சொன்னதில்ல, கூப்பிட்ட குரலுக்கு என்னான்னு கேப்பாவ. எம்பிள்ளைக்கும் அந்தப் பேரத்தான் வெச்சிருக்கேன்."

செண்பகவடிவு ஊர் பார்க்க அழுதாள். வரிசையில் நின்ற பரமார்த்தலிங்கம் தன் டோக்கனைப் பின்னால் நின்றவருக்குக் கொடுத்துவிட்டு, அவளுக்குத் தண்ணீர் எடுத்துவரப் போனார்.

"அந்த அம்மா நெசப் பேரு என்னன்னா..." என்று ஆரம்பித்தாள் ஆவுடைச்செல்வி.

"சொல்லாத" என்றாள் செண்பகவடிவு. "எனக்கும் சொல்லாத, யாருக்கும் சொல்லாத. அவிய கால்ல விழுந்து எனக்காக ஒரு தடவ கும்புட்டுக்கோ."

ஆகவே அந்தப் பெயர் செண்பகவடிவுக்குத் தெரியாது, நொச்சிப்பேரிக்குத் தெரியாது, இதைச் சொல்கிற எனக்கும் தெரியாது. தெரிந்திருந்தாலும் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டேன்.